வால் தெறித்த கையெழுத்து

தாள் அசலா நகலா என்று பார்க்கும் மெய்காணி சிவப்பாக எரிந்தது.

"நகலுங்க," என்றார் வண்டிச் சோதனைக்கூடத்தின் பெண் அதிகாரி. "எண் மட்டும் வேற. இதே தாள் நார், இதே கையெழுத்து ஏற்கெனவே நாப்பது வண்டிக்கு வந்துருச்சு. ஆலையில ஒரு கட்டுக்கு நாப்பது தாள்தானுங்க, அதுக்கு மேல வந்தது உங்களுது. வண்டிய நொறுக்கிக்கு அனுப்பீரலாங்களா?"

கார் ஆலையில் எழுதிய அசல் பிறப்புத்தாள் இருந்தால்தான் பழைய பெட்ரோல் கார் சாலையில் ஓடலாம். இல்லையென்றால் நொறுக்கி. அந்தச் சட்டம் வந்த மாதமே கருணாம்பிகையும் கணவன் திருமூர்த்தியும் கோவையில் ஒரு தாள்வார்ப்பியை வாங்கிப் போட்டார்கள். ஒரு மூலத்தாளைக் காட்டினால் மை, நார், பழுப்பு எதுவும் பிசகாமல் வேறு எண்ணுக்கு வார்த்துக் கொடுத்துவிடும். அப்பாவின் பெட்டியிலிருந்து அவருக்குத் தெரியாமல் அவர் காரின் தாளை எடுத்து, பதிவு செய்துகொண்டு, அன்றே திருப்பி வைத்துவிட்டாள் கருணாம்பிகை.

விற்ற ஒவ்வொரு தாளின் பின்புறமும் 'நகல்' என்று பொடியாக அச்சிட்டார்கள். வாங்குகிறவர்கள் அதைச் சுரண்டிவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். "அது அவங்க மனசாட்சி," என்பான் திருமூர்த்தி. அப்பாவின் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவர மட்டும் அவர்கள் அவசரப்படவில்லை. அசல் கையில் இருக்கும்போது என்ன பயம்?

அப்பா பொன்னுரங்கம் அந்த ஆலையின் பரிசோதகராகப் பிறப்புத்தாள்களில் கையெழுத்திட்டவர்; இன்று மகள், மருமகனோடு சோதனைக்கு வந்திருந்தார்.

"அம்மணி, அந்தக் கையெழுத்தே என்னுதுங்க," என்று அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "இவ அம்மா கடைசி வரைக்கும் பக்கத்துல உக்காந்து வந்த வண்டி. அவ சீட்டுல இன்னும் யாரையும் உக்கார விட்டதில்லீங்க."

"அப்ப இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார். மறுபடியும் சிவப்பு.

"பொருந்தலீங்களே. அந்தப் பரிசோதகரு போட்டு இங்க வந்த எல்லாத் தாள்லயும் கடைசி எழுத்தோட வால் மேல தெறிச்சிருக்குது. உங்களுது ஒழுங்கா நிக்குதே?"

பொன்னுரங்கத்தின் சிரிப்பு நின்றது. வால் தெறித்தது ஒரே ஒரு முறைதான். தன் சொந்த வண்டியின் தாளில் அவர் கையெழுத்திட்டபோது, மூன்று வயது மகள் முழங்கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

பின்னால் நின்றவர், ஏற்கெனவே பதிவான நாற்பது பேரில் ஒருவர், புதுப்பிக்கத் தன் தாளை நீட்டினார். பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார். அதிலும் வால் தெறித்திருந்தது. மெய்காணி பச்சையாக எரிந்தது.

அவர் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார்.

கருணாம்பிகை வாய் திறந்தாள். "சொன்னீன்னா ரெண்டு பேரும் உள்ள போயிருவோம்," என்று காதோரம் முணுமுணுத்தான் திருமூர்த்தி. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"தப்பாச் சொல்லிட்டேனுங்க அம்மணி," என்றார் பொன்னுரங்கம். "என்னுதுதான் நகல்."

தாளைக் கிழிப்பியில் போட்டார்கள். வண்டி நொறுங்கும் சத்தம் வாசல் வரை கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வாடகை வண்டியில் வீடு திரும்பினார்கள். வழியில் பொன்னுரங்கம் மகளிடம் கேட்டார்.

"கண்ணு, அந்தத் தாள்ல எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. ஊருக்குக் குடுக்கற விலைக்கே குடு, போதும். நீ சின்னதுல என் கையைப் பிடிச்சு இழுத்தது அதுலதான இருக்குது?"