வேலியோரத்து மண்

அந்தப் பால்காரர் வீட்டுப் பெண்ணுக்கு உடும்பு என்று பட்டப்பெயர். வைத்தவன் அவள் அண்ணன். எதைப் பிடித்தாலும் லேசில் விடமாட்டாளே! பத்து வயது உடும்பு இப்போது பிடித்திருந்தது ஒரு கன்றுக்குட்டியை.

ஆண்டுதோறும் உழுது புல் விதைக்கும் மேய்ச்சல் நிலத்தில் புல் வெளிறிக் கிடந்தது. பெரிய மாடுகளுக்கே அது போதவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் புல் தழைக்காவிட்டால் கன்றைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். அவள் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த கன்று அது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அழுது என்ன ஆகப்போகிறது? நிலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கலப்பை படாத வேலியோரத்தில் மட்டும் புல் பச்சைப்பசேலென்று நின்றது. ஒரு கொத்தைப் பிடுங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். வேரிலிருந்து மண்ணுக்குள் மெல்லிய வெள்ளை நூல்கள் ஓடின.

பள்ளி நூலகத்தில் விடை கிடைத்தது. அது வேர்ப் பூஞ்சையாம். வேர் எட்டாத இடத்திலிருந்து தண்ணீரும் சத்தும் கொண்டுவந்து கொடுக்குமாம். பதிலுக்குப் புல் அதற்குச் சர்க்கரை கொடுக்குமாம். அடிக்கடி உழுதால் நூல்கள் அறுந்துபோகும், உரம் அதிகமானால் குறைந்துபோகும் என்றும் போட்டிருந்தது.

மறுநாளே வேலியோரத்துப் புல்லில் இருபது கொத்துகளைத் தோண்டி, நிலத்தின் ஒரு மூலையில் நட்டாள். பதினைந்தே நாளில் எல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்தன.

"நடறதுக்கு முன்னாடி என்ன பண்ணினே?" என்று அண்ணன் கேட்டான்.

"ஒண்ணும் பண்ணலையே. வேரைச் சுத்தமா கழுவி..."

சொல்லி முடிக்கவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டாள்.

பால் கறக்கும் வீடு அது. வாளி, மடி, கை, எதையும் கழுவாமல் தொடக்கூடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. அந்தப் பழக்கத்தில் மண்ணோடு பூஞ்சை நூல்களையும் கழுவிக் கொட்டியிருந்தாள்.

விடுவாளா? அந்த மூலையில் உழவும் வேண்டாம், உரமும் வேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சி வாங்கினாள். இந்த முறை கொத்துகள் மண்ணோடு பெயர்ந்தன. இடையில் போட்ட விதைக் குழிகளிலும் குழிக்கொரு பிடி வேலியோரத்து மண் போட்டார்கள். ஆமாம், அண்ணனும்தான். கிண்டல் செய்துகொண்டே கூடை கூடையாகச் சுமந்தான். அவள் கையெல்லாம் கொப்புளம். ஆனாலும் ஒருநாள்கூட ஓயவில்லை.

மழைக்காலம் முடிந்தது. பெரியப்பா வண்டியோடு வந்து நின்றார்.

அப்பா அந்த மூலைக்கு நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். அப்பா குனிந்து, முழங்கால் உயரப் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தார். அசையவே இல்லை.

"அண்ணே, வண்டியைத் திருப்பிக்கோங்க. கன்னு இங்கயே இருக்கட்டும்" என்று குரல் கொடுத்தார். பிறகு மகளைப் பார்த்தார். "மத்த மூலையெல்லாம் எப்பம்மா ஆரம்பிக்கிறது?"

"இப்பவே" என்று மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.