முகத்துக்கு ஒரு சாட்சி

குப்பை வண்டி போன பிறகு முகநீக்கி வண்டி வந்தது. முந்தின நாள் இறந்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கி வாசித்தது. தெருவில் அவரவர் வாசலில் நின்று கைபேசியை நீட்டினார்கள். வண்டி கடந்துவிட்டால் அந்த முகங்கள் எந்தப் படத்திலும் இருக்காது. கல்யாண ஆல்பத்தில்கூட அந்த இடத்தில் பின்னாலிருந்த சுவர்தான் தெரியும். ரெஜினாள் சன்னலைச் சாத்திவிட்டு, அடுப்பிலிருந்த புளியங்கொட்டைப் பசையைக் கிளறினாள்.

இறந்தவர்களின் படங்களைத் திரைகள் தாமாகவே பேசவைத்த காலம் ஒன்று இருந்தது. செத்துப்போன அப்பா காப்பீடு விற்றார். செத்துப்போன பிள்ளை தொலைபேசியில் அழைத்து ஓட்டுக் கேட்டது. அதன் பிறகுதான் இந்தச் சட்டம். இறந்தவருக்கு ஓர் உருவம்தான் இருக்கலாம், அதுவும் கையால் செய்தது. கலவையுரு என்று பெயர். அவர் புழங்கிய பொருள்களைப் பலகையில் ஒட்டி, அதன்மேல் நினைவுமையால் முகம் எழுதுவார்கள். ரெஜினாளின் தொழில் அதுதான்.

மை வீட்டாரிடமிருந்து வரவேண்டும். உள்ளறையில் தனியாக உட்கார்ந்து, நினைவுவாங்கியைத் தலையில் மாட்டி, எவ்வளவு கொடுப்பது என்று அவர்களே அதன் குமிழைத் திருப்ப வேண்டும். கொடுத்தது திரும்பாது. முழுவதும் கொடுத்தவருக்குப் பெயர் நினைவிருக்கும், போட்ட சண்டைகள் நினைவிருக்கும், முகம் மட்டும் இருக்காது. ஆகவே வீட்டில் ஒருவர் முகத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். அவர்தான் சாட்சி. வேலை முடிந்ததும் ‘இவர்தான்’ என்று சொல்லி, ஈர அரக்கில் பெருவிரலைப் பதிப்பார். சாட்சி ஒப்பாத உருவத்தை அன்றே கரைத்துவிட வேண்டும்.

பனிமயமும் அவர் மனைவி லூர்தும் தங்கள் ஒரே மகள் ஜெசிந்தாவுக்காக வந்தார்கள். தூத்துக்குடிக்கு வெளியே, கடல் நடுவில் நிற்கும் உப்புநீக்கு மேடையில் வேலை பார்த்தவள். மேடை சாய்ந்ததில் போய்விட்டாள்.

“நான் எல்லாத்தையும் குடுத்துருதேன்,” என்றாள் லூர்து. “கண்ண மூடுனா வந்து நிக்கா. சோறு எறங்க மாட்டேங்கு. இவுக வச்சுக்கிடட்டும்.”

“பாரத்த எங்கிட்டத் தள்ளணும் இவளுக்கு,” என்றார் பனிமயம்.

“ஆமா, இதுவர எல்லாம் நீங்கதான சுமந்திய. மீன் பைய ஒரு நாள் தூக்கிருப்பியளா?”

சிரித்தார்கள். லூர்து எழுந்து உள்ளறைக்குப் போனாள். வெளியே வந்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தாள், நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

ரெஜினாள் பலகைக்குச் சுண்ணாம்பு பூசினாள். ஜெசிந்தாவின் நீலச் சீருடையைக் கிழித்து நிழல் விழும் இடங்களில் ஒட்டினாள். சீப்பில் சிக்கிய முடி புருவமாயிற்று. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைக் கிள்ளிக் கண்ணுக்கு ஒளி வைத்தாள். ஆனால் மை தொட்டு எழுதியபோது முகம் சரியாக வரவில்லை. ஒவ்வொரு கோடும் ஒரு கைக்குழந்தையின் முகத்தை நோக்கியே இழுத்தது.

பனிமயத்தை மட்டும் வரச்சொன்னாள்.

“அக்கா நெனப்புல பிள்ள வளரவே இல்லண்ணே. வாயும் தாடையும் நீங்க கொஞ்சம் குடுத்தாத்தான் உண்டு. கொஞ்சம் போதும். நீங்க சாட்சி, மறந்துராதிய.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்று உள்ளே போனார்.

வெகுநேரம் கதவு திறக்கவில்லை. வந்தவர் மைக்குப்பியைத் துண்டில் சுற்றி நீட்டினார். “அச்சா அவள மாதிரியே வரணும்மா,” என்றார். கொடுத்தவரின் அளவை உருச்செய்பவர் பார்க்கலாகாது என்பது தொழில் வழக்கம். அவள் துண்டைப் பிரிக்காமலே தூரிகையைத் தோய்த்தாள். இந்த முறை முகம் தானாகவே எழுந்து வந்தது, மூச்சு விடுவதைப் போல.

முடிந்த அன்று அரக்குப் பூசிவிட்டு இருவரையும் அழைத்தாள். லூர்து உருவத்தைப் பார்க்கவில்லை. கணவரின் முகத்தையே பார்த்தாள்.

பனிமயம் பார்த்தார். முகம் தெரிந்தவர்களின் பார்வை ஒரே இடத்தில் போய் விழுந்து அங்கேயே நிற்கும் என்பதை ரெஜினாள் அறிவாள். அவர் பார்வை முடி, காது, கழுத்துப்பட்டை என்று அலைந்தது. வாடகைக்குப் பார்க்கவந்த வீட்டில் மாட்டியிருக்கும் படத்தை அப்படித்தான் பார்ப்பார்கள். அவள் மேசையிலிருந்த குப்பியைத் துண்டோடு தூக்கினாள். இத்தனை வேலைக்குப் பிறகும் கனத்தது. கொஞ்சம் கொடுத்தவரின் குப்பி அல்ல அது.

அரக்கு உலர்ந்துகொண்டிருந்தது. அவர் ‘இவள் இல்லை’ என்று சொல்லிவிட்டால், ஜெசிந்தாவுக்கு இந்த உலகத்தில் எங்கும் முகம் கிடையாது. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

“என்ன இப்படி நிக்கிய?” என்றாள் லூர்து. “அவதானா?”

“அவதான்,” என்று பெருவிரலைப் பதித்தார்.

அப்போதுதான் லூர்து உருவத்தின் பக்கம் திரும்பினாள். விரலை அருகில் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள்.

“நல்லா இருக்கா. கன்னத்துல இது குழியா? எம்பிள்ளைக்குக் குழி விழுமா?”

சீருடைத் துணி காயும்போது சுருங்கிய இடம் அது. பனிமயம் ரெஜினாளைப் பார்த்தார். அவள் தூரிகையைக் கழுவக் குனிந்துகொண்டாள்.

“விழும்,” என்றார். “சிரிச்சா விழும்.”

“எனக்கு எல்லாத்தையும் சொல்லணும் நீங்க. கோவம் வந்தா எப்படி இருப்பா, தூங்கும்போது எப்படி இருப்பா. தெனமும் ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுதேன்.”

லூர்து உருவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். பனிமயம் வாசலில் நின்றார். அவள் தெருமுனை வரை போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“நீ சொல்லும்மா. அது அவதான?”

ரெஜினாள் ஜெசிந்தாவைப் பார்த்ததே இல்லை.