பதினான்காம் எண் வீட்டு விளக்கு

மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்குள் சைகல் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். முட்டிவலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முட்டிக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் ஏற முடியவில்லை.

வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. பிஷ்கெக்கில் அன்று காலையிலிருந்தே பனியும் மழையும் கலந்து பெய்துகொண்டிருந்தது. படிக்கட்டில் ஈரச் சுண்ணாம்பு வாடை. போன வருஷமும் இதே வாடைதான்.

பதினான்காம் எண் கதவுக்குப் புதிதாக நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அழைப்பு மணி இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. அதைப் பார்க்காமல் சைகல் உள்ளே நுழைந்தாள்.

பெரிசாத் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா! மாவு பிசைஞ்சு அரைமணி நேரமாச்சு. நீங்க வராம எண்ணெய் வைக்கக் கூடாதுன்னு உக்காந்திருக்கேன்."

"நான் எதுக்கும்மா? வீட்டு ஆளுங்க யாராவது..."

"மாமாவுக்கு வீட்டு ஆளுன்னு நான் ஒருத்திதான். நானும் அப்ப மாஸ்கோவுல மாட்டிக்கிட்டேன். கடைசி வரைக்கும் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தது நீங்க. வருஷ நினைவுக்கு அந்தக் கைதானே ரொட்டி சுடணும்?"

செத்தவர்களுக்கு வாசனைதான் சாப்பாடு. வியாழக்கிழமை எண்ணெயில் ஏழு ரொட்டி பொரித்தால் அந்த மணம் போய் அவர்கள் பசியை ஆற்றும். சைகலும் தன் அம்மாவுக்கு வாரம் தவறாமல் செய்கிறவள்தான். ஆனால் இந்த வீட்டில், இந்தக் கையால்? இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். பெரிசாத்தின் முகத்தைப் பார்த்ததும் மாவை வாங்கி உருட்ட ஆரம்பித்தாள்.

போன வருஷம் கொரோனா ஊரடங்கில், அவள் வேலை பார்த்த தையல் பட்டறையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருப்பானேன் என்று தெருக் கமிட்டியில் சேர்ந்தாள். ஆதரவில்லாதவர்கள் வீட்டுக்கு வாரம் ஒரு பை: மாவு, எண்ணெய், சர்க்கரை, தேயிலை. பைகளையும் அவளே துண்டுத் துணியில் தைத்துக் கொடுத்தாள். கமிட்டித் தலைவி மைராம் கறாராகச் சொல்லியிருந்தாள்: "மணியத் தொடாதீங்க. ஊர்ல உள்ள விரலெல்லாம் பட்டிருக்கும். கதவ உதைங்க, கைப்பிடியில மாட்டுங்க, எறங்கி வந்துடுங்க."

பதினான்காம் எண்ணில் பெரிசாத்தின் மாமா எசென்குல். அறுபது வயது, ஒற்றை ஆள். கதவில் ஒரு அட்டை ஒட்டியிருந்தார்: 'எனக்குக் காது கேட்காது. மணியை அழுத்துங்கள். உள்ளே விளக்கு எரியும்.'

சைகல் அதைப் படித்தாள். நன்றாகவே படித்தாள். படித்துவிட்டுத்தான் கதவைச் செருப்புக் காலால் மூன்று தடவை உதைத்தாள். பையை மாட்டினாள். கமிட்டிப் பேரேட்டில் 'பெற்றுக்கொண்டார்' என்று குறித்தாள்.

அடுத்த வாரம் வந்தபோது பழைய பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. காது அறுந்து அவள் பச்சை நூலால் தைத்த மஞ்சள் பை. அடிப்பாவி, அப்போதாவது அழுத்தியிருக்கலாம். விரல் பொத்தான் பக்கம் போகத்தான் போனது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து இருமல் கேட்டது. நெஞ்சைப் பிளக்கிற இருமல்.

இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவிட்டாள். வீட்டில் பிள்ளைகள் அதைத்தான் சாப்பிட்டார்கள். மஞ்சள் பையை அடுப்பில் போட்டு எரித்தாள். மூன்றாம் வாரம் மாடிக்கே ஏறவில்லை. பேரேட்டில் மட்டும் மூன்று வாரமும் 'பெற்றுக்கொண்டார்'.

அப்புறம் கதவை உடைத்துத்தான் அவரை எடுத்தார்கள்.

"இந்த இடத்துலதான்," என்றாள் பெரிசாத், அடுப்பங்கரை வாசலைக் காட்டி. "நாற்காலியப் போட்டு, போர்வையப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தாராம். மேல பாருங்க, அவரே மாட்டின செவப்பு பல்பு. கடைசியா எனக்கு எழுதினதே அதான். 'பை கொண்டு வருவாங்களாம், வெளக்கையே பாத்துக்கிட்டிருக்கேன்'னு. நல்லவேளை, நீங்க இருந்தீங்க."

சைகல் வாணலியில் எண்ணெயை ஊற்றினாள்.

எண்ணெய் காய்ந்தது. முதல் ரொட்டியைப் போட்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அணைந்தது.

"யாரோ மணி அடிக்கிறாங்க," என்றாள் சைகல்.

"எந்த மணி? பெயிண்ட் அடிக்கறப்பவே பொத்தானப் பிடுங்கியாச்சே. ஒயர்கூடக் கெடையாது."

மறுபடி எரிந்தது. பெரிசாத்தின் கன்னத்தில் அந்தச் சிவப்பு விழுந்தது. வாணலியில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது, இரண்டு பேருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை.

பாதத்தின் அடியில் தரை அதிர்ந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடத் தரையைத்தான் மிதிப்பார்கள். அதிர்வு அந்த நாற்காலி இருந்த இடத்திலிருந்து வந்தது.

"அக்கா," பெரிசாத் கிசுகிசுத்தாள், "மாமா என்னை இப்படித்தான் கூப்பிடுவார்."

மூன்றாவது தடவை எரிந்த விளக்கு அணையவேயில்லை. பெரிசாத் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள். படிக்கட்டில் யாருமில்லை. ஏறுகிற காலடியும் இல்லை, இறங்குகிற காலடியும் இல்லை.

கைப்பிடியில் ஒரு பை தொங்கியது.

மஞ்சள் பை. காதில் பச்சை நூல் தையல். உள்ளே மாவு, எண்ணெய், சர்க்கரை, தேயிலை. ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

"யாரு மாட்டினது இத?"

"நான்தான்," என்றாள் சைகல்.

"நீங்க என்கூடத்தானே நிக்கிறீங்க. எப்ப மாட்டினீங்க?"

"போன வருஷம்."

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். அட்டையைப் படித்தது, இருமல், ஓடியது, பிள்ளைகள் சாப்பிட்டது. அழுகை வரவில்லை. அழுதால் அதுவும் ஒரு நடிப்பாகத் தெரியும் என்று பயமாக இருந்தது.

பெரிசாத் போய் அடுப்பை அணைத்தாள்.

"ஒரு விரல்," என்றாள். "ஒரே ஒரு விரல வெச்சு அழுத்தியிருந்தா போதுமே. பெறகு சோப்பு போட்டுக் கழுவியிருக்கலாமே."

"மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாயில்ல. மீதி ரொட்டிய மட்டும் சுட்டு வெச்சுட்டு..."

"வேணாம். உங்க கையால மாமா சாப்பிட மாட்டார். இந்தப் பையையும் எடுத்துக்கிட்டுப் போங்கக்கா."

அப்போதும் அக்கா என்றாளே, அதைத்தான் சைகலால் தாங்க முடியவில்லை.

நேரே மைராமிடம் போய்ப் பேரேட்டை வாங்கி, மூன்று 'பெற்றுக்கொண்டார்'களையும் அடித்துத் தன் கையெழுத்தைப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தாள். அதிலிருந்த மாவையே பிசைந்தாள், அதிலிருந்த எண்ணெயையே ஊற்றினாள். எப்படியாவது அவர் ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. ஏழு ரொட்டி பொரித்துத் தட்டில் அடுக்கினாள். காலிப் பை மேசைமேல் கிடந்தது.

அடுப்பங்கரை விளக்கு மூன்று தடவை அணைந்து எரிந்தது.

"அம்மா, வாசல்ல யாரு?" என்றான் சின்னவன்.

அந்த வீட்டில் அழைப்பு மணியே கிடையாது.

சைகல் ஓடினாள். இந்தத் தடவை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கதவை விரியத் திறந்தாள். வாசலில் பனி மட்டும் பெய்துகொண்டிருந்தது, அதில் ஒரு காலடித் தடமும் இல்லை.

கைப்பிடியில் மஞ்சள் பை தொங்கியது. உள்ளே கையை விட்டாள்.

ஏழு ரொட்டியும் அப்படியே இருந்தன. சூடுகூட ஆறவில்லை.