திரைக்கு அந்தப் பக்கத்து நாற்காலி

“உனக்குச் சுருங்கிடுச்சாடி?”

மூன்றாவது சுற்று மருந்து முடிந்து எடுத்த ஸ்கேன் படத்துக்குப் பிறகு, தார்யா நோரினிடம் கேட்ட கேள்வி அது. இருவருக்கும் நுரையீரலில் கட்டி. ஒரே மருந்து, ஒரே நாளில். தார்யாவின் கட்டிகள் வளர்ந்திருந்தன, நோரினுடையவை பாதியாகியிருந்தன. அதைச் சொல்ல நோரினுக்கு வாய் வரவில்லை.

“எனக்கும் உன்னை மாதிரியேதான்டி.”

“அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்,” என்று தார்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜனவரியில் தார்யா தனியாகப் போனாள். கனடாவின் தண்டர் பே நகரத்தில் தரை உறைந்து கிடந்ததால் இன்னும் புதைக்கவில்லை.

இன்று நோரினுக்குக் கடைசிப் படம். பிழைப்பாளா என்பது தெரிந்துவிடும். படமெடுக்கும் ஷெல்லி, கட்டிகளைப் படத்தில் எரிவதுபோல் ஒளிரவைக்கும் சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு விளக்கைத் தணித்தாள். “ஒரு மணி நேரம் அசையாதீங்க, பேசாதீங்க நோரின். பேசினா தொண்டையும் படத்துல எரியும்.”

‘சர்க்கரையைத் தொடாதேன்னுட்டு அவங்களே ஏத்துறாங்க பாரு’ என்று தார்யா இங்கே உட்கார்ந்துதான் கிண்டலடிப்பாள்.

கதவு மூடியது. சுவருக்குள் வெந்நீர்க் குழாய் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருக்க, போர்வையின் சூட்டில் கண் செருகிய நோரினுக்கு, மருந்து நெடியை மீறி, ஈரக் கம்பளியும் ஏலக்காயும் கலந்த வாசனை, தார்யா சுடும் இனிப்பு ரொட்டியின் வாசனை, மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. படுக்கையை மறைத்த துணித் திரைக்கு அந்தப் பக்கத்து நாற்காலி, யாரோ உட்கார்ந்ததுபோல் முனகியது.

கதவு திறக்கவே இல்லை.

“உனக்குச் சுருங்கிடுச்சாடி?”

நோரின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரை அவள் பக்கமாகப் புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது.

“சொல்லேன்டி.”

“சுருங்கிடுச்சு,” என்று நோரின் அழுதாள். “அன்னைக்கே சுருங்கிடுச்சு. உங்கிட்ட எப்படிடி சொல்வேன்?”

போர்வைக்குள் சில்லென்ற ஒரு கை வந்து அவள் கையைப் பற்றியது.

படமெடுத்து முடிந்ததும் நோரின் தள்ளாடியபடி கணினி அறை வாசலுக்கு வந்தாள்.

“சொல்லச் சொல்லக் கேக்காம பேசியிருக்கீங்க,” என்ற ஷெல்லியின் சிரிப்பு பாதியில் நின்றது.

கணினித் திரையில் நோரினின் மார்பு. ஒரு புள்ளிகூட இல்லை. சுத்தம்.

அதை ஒட்டி இன்னொரு மார்பு. அதே குறுகிய படுக்கையில். விலா எலும்புகளுக்குள் கொத்துக் கொத்தாகக் கட்டிகள். தலை நோரினின் காதோரம் சாய்ந்திருந்தது.

அதன் தொண்டையும் எரிந்துகொண்டிருந்தது.

ஷெல்லி நாற்காலியை விட்டு எழுந்தாள். நோரினைப் பார்த்தாள். நோரினின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நடந்து வெளியேறினாள்.