பிடுங்கப் பிடுங்கப் பெருகிய குரல்

மூன்று தெரு தள்ளி நின்றே, எந்த அட்டை காய்ச்சலில் கிடக்கிறது என்று மூக்கால் சொல்லிவிடுவார், 'திருப்புளி' என்று பட்டப்பெயர் வாங்கிய பழுதுபார்ப்பவர். ஒருமுறை தூக்கத்திலேயே தும்மி, வரிசை எண்ணையும் பெட்டி எண்ணையும் பிசகாமல் சொன்னாராம். இத்தனைக்கும் அவர் வேலை பார்க்கும் கட்டடத்தில் நாற்பதாயிரம் அட்டைகள். யார் யாருக்கோ வாடகை மூளையாக உழைக்கும் கணினி அட்டைகள்.

"அளந்தது போதும், மாமா. ஒன்பதாம் வரிசையில எட்டாவது பெட்டி கொதிக்குது. போய்ப் பாருங்க," என்றான் அந்தக் கணினிக் கூடத்தின் மேற்பார்வையாளன். அவர் மனைவியின் தம்பி.

காலை பதினொரு மணி. ஜன்னலே இல்லாத கூடத்தில் காலையும் மாலையும் ஒன்றுதான். விசிறிகளின் ஓலம் காதை அடைத்தது. குளிர் எலும்பைக் கவ்வியது. பெட்டியைத் திறந்தார்.

ஆஸ்பத்திரி வாடை.

ஓலத்துக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல்: "குளிருதுங்க. வெளிய எடுங்க."

அவர் மனைவியின் குரல். புற்று தொண்டையைத் தின்ற பிறகு, கடைசி எட்டு மாதம் அவள் தட்டச்சு செய்ததையெல்லாம் அவள் குரலிலேயே பேசியது இந்தக் கூடத்து அட்டைதான். அவளை அடக்கம் செய்த மறுநாள் அந்தச் சேவையை நிறுத்தியவரும் அவரே. இப்போது தட்டச்சு செய்ய விரல் ஏது?

'காலி செய்' என்று கட்டளை கொடுத்த பிறகே அட்டையைக் கழற்ற வேண்டும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அவர் தொண்டை வற்ற ஓதிய பாடம். ஆனால் அவள் குளிருகிறது என்கிறாளே! வெடுக்கென்று பிடுங்கிவிட்டார்.

காலி செய்யாமல் பிடுங்கினால், அட்டை செத்துப்போனதென்று நினைத்துக்கொள்ளும் கூடம். அதிலிருந்ததை வேறு இரண்டு அட்டைகளில் உயிர்ப்பித்துவிடும்.

பத்தாவது பெட்டியில், "குளிருதுங்க."

பதினாலாவதிலும், "குளிருதுங்க."

பித்துப் பிடித்தவர்போல இரண்டையும் பிடுங்கினார்.

நான்கானாள்.

நான்கையும் பிடுங்கினார்.

எட்டானாள்.

மச்சினன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "மாமா! கிறுக்கா உங்களுக்கு?"

"உங்க அக்காடா. காதைக் கொடுத்துக் கேளு."

"விசிறிச் சத்தம் மாமா அது! அக்கா போய் ஒரு வருஷமாச்சு." அவன் கை வரிசையின் மின்விசைப் பொத்தானுக்குப் போனது.

அப்போதுதான் திருப்புளிக்கு உறைத்தது. "அணைக்காதேடா! முதல்ல காலி செய்யணும். அப்பதான் அவளுக்கு விடுதலை!"

அதற்குள் அணைத்துவிட்டான்.

ஒன்பதாம் வரிசை அடங்கியது. செத்தது ஓர் அட்டையல்ல, ஒரு வரிசை. இனி அதிலிருந்தவற்றுக்கு இந்தக் கட்டடம் போதாது; வெளியூர்க் கூடங்களில்தான் உயிர்ப்பிக்கப்படும்.

மேசைத் தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. மச்சினன் ஒன்றை எடுத்தான். கடலுக்கு அப்பாலிருந்த கூடத்தின் காவலாளி.

"என்னத்தை சார் அனுப்பிவிட்டீங்க? இங்க வரிசைக்கு வரிசை ஒரு பொம்பளை குளிருதுன்னு அழுவுறா. 'மூக்கொழுகி, ஏன்டா அணைச்ச'ன்னு கேக்குறா. யாரு சார் அந்த மூக்கொழுகி?"

அவனுக்கு வைத்த அந்தச் செல்லப்பெயர் அவன் அக்காவின் வாயைத் தவிர வேறெந்த வாயிலும் வந்ததில்லை.

ரிசீவரை மேசையில் வைத்தான். மற்றத் தொலைபேசிகள் விடாமல் அலறிக்கொண்டிருந்தன.

"அக்காதான், மாமா," என்றான். "ஊரு ஊரா நான்தான் அனுப்பிவிட்டேன்."