மூன்று முறை திறக்காத பக்கம்

வெள்ளி, காலை 9.40. புகார் கொடுக்க வந்தவள் பேனாவைத் தொடவே இல்லை. தையற்கடையில் வேலை பார்ப்பவள். முன்கையில் நான்கு விரல் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. சைபர் பிரிவு எஸ்.ஐ. அம்மாள் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

அவளுக்குப் பிடிபடாதது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று வீட்டிலிருந்தபடி, குடும்பத்தில் அடிபடும் பெண்களுக்கான காப்பகத்தின் இணையதளத்தை ஃபோனில் தேடினாள். தேடியது பதிவாகாத முறையில். ஃபோன் கையைவிட்டு நகரவில்லை. ஆனாலும் மறுநாள் கணவன் அவள் கையை முறுக்கிக்கொண்டு சொன்னான்: காப்பகத்தின் பெயர், காலை 11.10 மணி, மூன்று தடவை.

"என் நாத்தனார்தான் மேடம். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு என்னையே பாத்துட்டிருப்பா."

"அப்ப அவங்க எங்க இருந்தாங்க?"

"பல் டாக்டர்கிட்ட."

"வாயைத் திறந்துக்கிட்டு அங்கிருந்தே உங்களை வேவு பாத்தாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று இரண்டு மணிக்குக் காப்பகத்தின் வண்டி கடையின் பின்வாசலுக்கு வருகிறது. நேற்று கடையின் இணைய இணைப்பில் காப்பகத்தின் படிவத்தை நிரப்பி வாங்கிய நேரம். அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தால், வண்டிக்கு முன்னால் அவன் நிற்பான்.

10.05. ஃபோனை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார் எஸ்.ஐ. உளவுச் செயலி எதுவும் இல்லை.

"ஏன் மூணு தடவை?"

"பக்கம் திறக்கவே இல்ல. நெட்டு மந்தம்னு நினைச்சேன்."

"மத்ததெல்லாம்?"

"பிளவுஸ் டிசைனெல்லாம் சட்டுனு வந்துச்சு."

எஸ்.ஐ. நிமிர்ந்தார். செவ்வாய்க்கிழமை அவள் தேடிய வீட்டு வைஃபை இணைப்பு கணவன் பெயரில் இருந்தது. நேற்று நிரப்பிய படிவத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

10.40. இணைய நிறுவனத்துடன் பேசி முடித்த எஸ்.ஐ., ஒரு தாளில் வீடு, கம்பெனி, காப்பகம் என்று மூன்று கட்டம் வரைந்து, நடுக்கட்டத்தில் விரலை வைத்தார்.

"நீங்க எந்தத் தளத்துக்குப் போனாலும் அதோட பேரு முதல்ல இவங்ககிட்டதான் போகும். ஃபோன்ல பதியாட்டியும் இங்க தெரியும். உங்க வீட்டுக்காரர் குடும்பப் பாதுகாப்புன்னு ஒரு வடிகட்டி போட்டு வச்சிருக்காரு. காப்பகத்துப் பக்கத்துல அடி, உதை பத்தி எழுதியிருக்கறதால, வன்முறைத் தளம்னு அதை அடைச்சிருச்சு. அடைச்ச பேரையும் நேரத்தையும் தினமும் அவருக்கு மெயில்ல அனுப்புது. நாத்தனார் மேல பழி போடாதீங்க. காட்டிக்கொடுத்தது இந்தக் கம்பெனி."

"அப்ப... ரெண்டு மணி?"

"கடை நெட்டு முதலாளியம்மா பேர்ல. அங்க காப்பகத்துப் பக்கம் திறந்துச்சே, அதனால அதுல வடிகட்டி இல்ல, அந்த மெயிலும் அவருக்குப் போகாது. அவருக்குத் தெரிஞ்சது செவ்வாய்க்கிழமை மட்டும்தான். வீட்டு வைஃபையை இனி தொடாதீங்க. ரெண்டு மணிக்கு வண்டி ஏறுங்க, நானும் கூட வரேன்."