பூட்டாத பின்கதவு

1992 நவம்பரில் ஃபாரஸ்ட் கேட்டில் டொலறஸ் அக்காவின் வீட்டு மேலறைக்கு வாடகைக்குப் போனேன். அக்கா மன்னார். கணவர் எட்வேட் வெள்ளைக்காரர், ரயில்வேயில் வேலை. அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்றுதான். என் சூட்கேஸை வாங்கிக்கொண்டே, "மச்சான்!" என்றார்.

"கோயில்ல பாதரையும் உப்பிடித்தான் கூப்பிடுறவர்," என்றார் அக்கா. "கோவிக்காதேங்கோ தம்பி."

வீட்டைச் சுற்றிக் காட்டினார். சமையலறைப் பின்கதவுக்கு வந்ததும் குரல் தாழ்ந்தது.

"உங்கட வீடு மாதிரி இருங்கோ. இந்தக் கதவை மட்டும் பூட்டக் கூடாது. ஒருநாளும் கூடாது. சரியோ?"

"ஓம் அக்கா."

காரணத்தை எட்வேட் சொன்னார். மகன் பெனிக்கு அப்போது ஏழு வயது. பள்ளி விட்டதும் பின்சந்து வழியாக வந்து இந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவான். 1991 பெப்ரவரியில் பெரும் பனி பெய்த நாளில் பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தார். அவன் கதவைத் திருகிப் பார்த்திருக்கிறான். திறக்கவில்லை. அம்மாவைத் தேடி வீதிக்குத் திரும்பினான். பனியில் ஒரு வான் வண்டி சறுக்கிக்கொண்டு வந்தது.

"சாவி அவளுடைய பைக்குள் இருந்தது," என்றார் எட்வேட்.

மூன்றாம் நாள், பின்னேரம் மூன்றே முக்கால். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கிவிட்டது. சந்து முழுக்கப் பனிமூட்டம்.

பின்கதவின் பித்தளைக் குமிழ் திரும்பியது.

மெதுவாக, முழுச் சுற்று. கதவு ஒரு விரலளவு திறந்தது. குளிரோடு ஒரு மணமும் வந்தது: எரிந்த எண்ணெய், நனைந்த கம்பளி. பிறகு கதவு ஓசையின்றிச் சாத்திக்கொண்டது.

வந்த காலடி கேட்கவில்லை.

போன காலடியும் கேட்கவில்லை.

மேசையில் ஒரு தட்டு நிறைய மீன் ரோல்ஸ் வைத்துவிட்டு அக்கா அமர்ந்திருந்தார். "பயப்படாதேங்கோ. பெனிதான்," என்று கிசுகிசுத்தார். "ஒவ்வொரு நாளும் வாறான். உள்ளுக்கு வரத்தான் வெக்கப்படுறான்." அந்த முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எட்வேட் நம்பவில்லை. "காற்று, மச்சான்," என்பார். துக்கத்தை மறக்க அவருக்கு வேறொரு வழி இருந்தது. அவருடைய அப்பாவின் தாத்தா ஜோசப், விக்டோரியா மகாராணி காலத்தில் இதே பகுதியில் பொலிஸ்காரராக இருந்தவர். வேலையிலிருந்து நீக்கப்பட்டாராம். ஏன் என்று குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. அதைக் கண்டுபிடிக்க எட்வேட்டுக்கு ஆசை. ஷிப்ட் வேலை விடவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவுக் கந்தோரில் கிளார்க்காக இருந்தவன். குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வேலை செய்ய அனுமதியும் இல்லை.

"உனக்குப் பதிவேடுகள் பழக்கம், மச்சான். எனக்காகக் கியூவுக்குப் போய்ப் பார்ப்பாயா?"

கியூவில்தான் அரசாங்கத்தின் பழைய ஆவணங்கள் இருக்கின்றன. பேனை கொண்டுபோக முடியாது; பென்சில் மட்டும். புத்தகம் கேட்டு எழுதிக் கொடுத்தால் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கருவி தருவார்கள். புத்தகம் வந்ததும் அது கீச்சிடும். பொலிஸ்காரரைப் பெயரை வைத்துத் தேடினால் தொலைந்தோம், ஜோசப்புகள் ஏராளம். எண்ணை வைத்துத் தேட வேண்டும். வேலையில் சேரும்போது ஒருவருக்குக் கொடுத்த எண்ணை, அவர் செத்த பிறகும் இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார்கள். ஜோசப்பின் எண் எட்வேட் வீட்டு வேதாகமத்தின் கடைசித் தாளில் எழுதியிருந்தது.

கியூவுக்குப் போகத் தொடங்கிய நான்காம் நாள் அந்த வரியைக் கண்டேன். 1887 ஜனவரி. வேலை நீக்கம். திறந்து கிடந்த பின்கதவைச் சோதிக்காமல் கடந்து சென்றமை.

அந்த வார உள்ளூர்ப் பத்திரிகையை நூலகத்தில் தேடிப் படித்தேன். அந்தக் கதவு வழியாக நாலு வயதுக் குழந்தை ஒன்று பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போயிருக்கிறது. விடியும்போது சந்தின் முனையில் விறைத்துக் கிடந்திருக்கிறது.

எங்கள் சந்து.

பொலிஸ்காரர்களுக்கான பழைய விதிமுறைப் புத்தகத்தையும் எடுத்துப் படித்தேன். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. சந்தோஷத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் அக்காவுக்கு முன் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தேன்.

"அக்கா, பொலிஸ்காரன் ஒவ்வொரு கதவையும் திருகிப் பாக்க வேணும். பூட்டியிருந்தால் அடுத்த கதவுக்குப் போகலாம். பூட்டாட்டி அங்கயே நிக்க வேணும், வீட்டுக்காரர் வந்து பூட்டுமட்டும். இடுப்பில எண்ணெய் விளக்கு, அதுதான் அந்த மணம்! கம்பளி எண்டது ஜோசப்பின்ர கோட்டு! காலடி ஏன் திரும்பிப் போகேல்லை எண்டு இப்ப விளங்குதோ? கதவு பூட்டேல்லை, அவருக்குப் போகேலாது, அவர் அதிலயே..."

அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"அப்ப அது பெனி இல்லை," என்றார்.

அந்தத் தாயிடமிருந்து பிள்ளையை இரண்டாம் முறையாகப் பறித்தவன் நான்.

அக்கா எழுந்து ரோல்ஸ் தட்டை ஒரு துணியால் மூடினார். பின்கதவைப் பார்த்துக் கேட்டார்:

"குளிருக்கையோ நிக்கிறார்?"

"ஓம்."

"ரெண்டு வருசமா, தம்பி? என்னாலயோ?"

அக்கா கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். இரண்டு தடவை அது துவாரத்தில் போகாமல் வழுக்கியது. மூன்றாம் தடவை பூட்டினார். நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டார்.

மூன்றே முக்கால்.

குமிழ் திரும்பியது. கனமாக, முழுச் சுற்று. கதவு அசையவில்லை. முதன்முறையாக வெளியே பூட்ஸ் காலடி கேட்டது. தோல் கிரீச்சிடும் சத்தம்.

அவர் போய்விடுவார் என்று காத்திருந்தோம்.

குமிழ் மறுபடி திரும்பியது.

இம்முறை இலேசாக. அரைச் சுற்று. வழுக்கித் திரும்பிவிட்டது. மீண்டும் அரைச் சுற்று. குமிழைச் சுற்றிப் பிடிக்க விரல் எட்டாத ஒரு கை.

"பெனி!"

அக்கா சாவியைத் திருப்பிக் கதவை இழுத்துத் திறந்தார். பனிமூட்டம் மட்டும் நின்றது. பக்கத்து வீட்டுக் குமிழ் திரும்பும் சத்தம் கேட்டது. கனமாக ஒருமுறை. இலேசாக ஒருமுறை. பிறகு அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு.

அக்கா வெறுங்காலோடு சந்துக்குள் ஓடினார். "பூட்டேல்லை ராசா! திறந்திருக்கு! அம்மா திறந்திட்டன்!"

பதினொரு கதவுகள். பிறகு சத்தமில்லை.

அன்றிலிருந்து எங்கள் பின்கதவு திறந்தே கிடக்கிறது. ஒருவரும் அதைத் திருகுவதில்லை. மற்ற வீடுகள் எல்லாவற்றிலும், தினமும் அதே நேரத்தில், இரண்டிரண்டு முறை. எங்கள் கதவை மட்டும் ஏன் விட்டுப் போகிறார்கள் என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. எட்வேட் ஒருநாள் சந்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். அவர் இப்போது காற்று என்று சொல்வதில்லை.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான ஆங்கிலேயப் பெண்மணி எதுவும் கேட்காமல் அக்காவைத் தன் சமையலறைக்குள் விடுகிறார். கதவின் வெளிக்குமிழும் உள்குமிழும் ஒரே இரும்புத் தண்டில் மாட்டியவை. வெளியே திருகினால் உள்ளேயும் திரும்பும். முதல் முறையை அக்கா விட்டுவிடுவார். இரண்டாவதற்கு முன் உள்ளங்கையைக் குமிழின்மேல் வைப்பார்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். கனமான திருகல் முடிந்தது. அக்கா தலையசைக்க, என் கையை வைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

கதவுக்கு அப்பால், என் இடுப்பு உயரத்தில், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. கையை எடுத்தேன். அக்கா தன் கையை வைத்தார்.

குமிழ் அரைச் சுற்றுத் திரும்பியது.